கடற்படையில் சிக்னல் வேலை: குளச்சல் பக்கத்துத் தம்பிக்கு

கேள்வி: "குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். வயது 19. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் படித்தேன். இப்போது நாகர்கோவிலில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அப்பா பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடல் தொழில் செய்கிறார். நான்கு வருடப் பணியான கடற்படை அக்னிவீர் தேர்வு எழுத இருக்கிறேன். கம்யூனிகேஷன் பிரிவில் சேர ஆசை. அப்பாவோ, ‘கடலில் கிடந்து அல்லாடக் கூடாது என்றுதான் உன்னைப் படிக்க வைத்தேன். கப்பலில் போய் ஃபோன் எடுக்கிற வேலையா பார்க்கப் போகிறாய்?’ என்கிறார். அந்த வேலை உண்மையில் என்ன? செயற்கைக்கோள் வந்த பிறகும் அதற்கு ஆள் வேண்டுமா? நான்கு வருடம் முடிந்தால் என் கதி என்ன? ஒக்கி புயலில் என் சித்தப்பா போன படகிலும் வயர்லெஸ் செட் இருந்தது. கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அதிலிருந்துதான் இந்த ஆசை." (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்.)

பதில்:

தம்பி, நானும் கடற்படையில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவன். கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சித்தப்பாவின் செட் ஏன் கேட்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

நம் படகுகளில் இருப்பது விஎச்எஃப், அதாவது மிக உயர் அதிர்வெண் செட். அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவைச் சுற்றிக்கொண்டு போகாது. ஆகவே எட்டும் தூரத்தைத் தீர்மானிப்பது செட்டின் விலையைவிட ஆன்டெனாவின் உயரம்தான். இயற்பியல் படித்தவர் என்பதால் கணக்கையே தருகிறேன். இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்குங்கள். வருவது கிலோமீட்டர். 6 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகளுக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரும். கரையில் 60 மீட்டர் கோபுரம் இருந்தால் படகுக்கும் அதற்கும் 42 கிலோமீட்டர், அதாவது 23 கடல் மைல் போல. நடைமுறையில் கொஞ்சம் கூடும், குறையும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் சூரைக்கும் சுறாவுக்கும் போவது நூற்றுக்கணக்கான கடல் மைல். 2017 நவம்பர் கடைசியில் புயல் திரண்டபோது அவர்கள் எச்சரிக்கைக்கு முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். தொண்டை கிழியக் கூப்பிட்டிருந்தாலும் அந்த அலை கரையைத் தொட்டிருக்காது. சித்தப்பா செட்டைச் சரியாகத்தான் பிடித்திருப்பார். கருவிக்கு எட்டாத தூரம் அது. இதை வீட்டில் ஒருமுறை சொல்லுங்கள். "ஒழுங்காகக் கூப்பிட்டிருந்தால்" என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் கடற்கரையில் உண்டு.

அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு வழி. ஒன்று செயற்கைக்கோள். இன்னொன்று எச்எஃப் என்ற உயர் அதிர்வெண். அது வானத்தில் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அந்த மண்டலம் வெயிலை நம்பி நிற்பது. பகலில் நன்றாகக் கேட்ட அதிர்வெண் பொழுது சாய்ந்ததும் செத்துப்போகும். இரவில் இன்னும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறங்க வேண்டும். எப்போது இறங்குவது, எங்கே இறங்குவது என்று அறிந்து வைத்திருப்பது ஆபரேட்டரின் வேலை. செயற்கைக்கோள் வந்த பிறகும் கப்பல்கள் எச்எஃப்பைக் கைவிடவில்லை. போர் என்று வந்தால் செயற்கைக்கோள் இணைப்பை எதிரி குலைக்க முயல்வான். அப்போது கையில் மாற்று வழி இருக்க வேண்டும்.

இப்போது அப்பாவின் ‘ஃபோன் எடுக்கிற வேலை’.

கம்யூனிகேஷன் பிரிவில் வயர்லெஸ் அறையில் இருப்பவர்கள் ஒரு வகை. பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தில், கொடியும் விளக்கும் கப்பலுக்குக் கப்பல் பேசும் வயர்லெஸ் பேச்சும் கையாள்பவர்கள் இன்னொரு வகை. எதிரியின் ரேடாரையும் வயர்லெஸ்ஸையும் மோப்பம் பிடிக்கும் மின்னணுப் போர்ப் பிரிவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

வயர்லெஸ் அறையின் நடு இரவுப் பாராவை, அதாவது பணி முறையை, சொல்கிறேன். நள்ளிரவு 12 முதல் 4 வரை. ஏசி குளிர், சன்னல் கிடையாது, கப்பல் உருள்கிறது, காதில் கருவி. ஒரு செய்தி வருகிறது. அதற்கு அவசரத் தரம் உண்டு: ஃபிளாஷ், இமீடியட், பிரையாரிட்டி, ருட்டீன் என்று நான்கு படி. ஃபிளாஷ் என்றால் கையிலிருப்பதை எல்லாம் போட்டுவிட்டு அதை எடுக்க வேண்டும். அடுத்து தேதி-நேரக் குறி. உலகம் முழுவதும் கப்பல்கள் ஒரே கடிகாரத்தில் பேச வேண்டும் என்பதால் சர்வதேச நேரம். அதற்கு ‘ஜூலு’ என்று பெயர். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நம் கடிகாரத்தில் 14ஆம் தேதி அதிகாலை 3:30 என்றால் ஜூலுவில் 13ஆம் தேதி இரவு 10 மணி. எழுத வேண்டியது 132200. அரைத் தூக்கத்தில் இருக்கும் புதுப் பையன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 14 என்று தொடங்கிவிடுவான். ஒரு இலக்கம்தான். அந்த இலக்கத்தால் செய்தி ஒரு நாள் தள்ளிப்போகும். அந்தச் செய்தி ஓரிடத்தில் இரண்டு கப்பல்கள் சந்திக்க வேண்டிய நேரமாக இருந்தால் மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்களைச் சொல்வதற்குக்கூட முறை உண்டு. ஆங்கிலத்தில் ஐந்தும் ஒன்பதும் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிக்கும். அதனால் ஒன்பதை ‘நைனர்’ என்றும் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் சொல்லப் பழக்குவார்கள். எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி. படங்களில் வரும் ‘ஓவர் அண்ட் அவுட்’ எங்கள் தொழிலில் கிடையாது. ஓவர் என்றால் உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அவுட் என்றால் பேச்சு முடிந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவனைப் பயிற்சிப் பள்ளியில் வாத்தியார் சும்மா விடமாட்டார்.

பிரிட்ஜ் வேலை வேறு சுவை. கொடிவரிசை ஏறுகிறது. அதைப் பார்த்த கப்பல் தன் பதில் கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்றும். ‘கண்டேன், படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று பொருள். புரிந்ததும் உச்சிக்கு ஏற்றும். எல்லாக் கப்பல்களும் உச்சிக்கு ஏற்றிய பிறகு, கட்டளையிட்ட கப்பலின் கொடி சட்டென்று கீழே இறங்கும். இறங்கும் அந்த நொடியில்தான் கட்டளை நிறைவேறும். கப்பல்கள் சேர்ந்தாற்போல் திரும்பும். கொடியை ஒரு நொடி தாமதமாகக் கண்ட கப்பல் அடுத்த கப்பலின் பாதையில் நிற்கும். துணியும் கயிறும் இந்தக் காலத்தில் எதற்கு என்று கேட்பீர்கள். வயர்லெஸ்ஸைத் திறந்தால் நாம் இருக்கும் திசை எதிரிக்குத் தெரிந்துவிடும். கொடியையும் விளக்கையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் மட்டுமே பார்க்க முடியும். மோர்ஸும் அப்படித்தான். 1999 பிப்ரவரி 1 முதல் வணிகக் கப்பல்களின் ஆபத்து அழைப்புக்கு மோர்ஸ் போய், ஜிஎம்டிஎஸ்எஸ் என்ற தானியங்கி முறை முழுமையாக வந்தது. போர்க்கப்பலின் விளக்கில் அது இன்னும் மினுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருப்பதும் சிக்னல்காரர் வேலைதான் என்பதற்கு நம் ஊர்க் கதையே ஒன்று உண்டு. 1971 போரில் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை வகித்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலைத் தேடி பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வரும் என்று அவர் கணித்தார். விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒதுக்கிவிட்டு, ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு வெளியே அனுப்பி, ஒரு பெரிய கப்பல் பேசுவதுபோல் வயர்லெஸ்ஸில் மும்முரமாகப் பேச வைத்தார். உண்மையான விக்ராந்த் மௌனம் காத்தது. காஸி விசாகப்பட்டினத்துக்குத்தான் வந்தது. டிசம்பர் 3க்கும் 4க்கும் இடைப்பட்ட இரவில் அங்கேயே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளுக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அது வந்த இடம் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த நாட்களில் ராஜ்புத்தில் செட்டைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் போன்ற ஆபரேட்டர்கள்.

இன்னொன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணம் பக்கம் போனால் வானத்தைக் குத்தும் கம்பங்கள் தெரியும். அதுதான் ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற கடற்படை வானொலி நிலையம், 1990இல் தொடங்கப்பட்டது. சாதாரண வானொலி அலை உப்புத்தண்ணீருக்குள் நுழையாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை, ஒரு அலையின் நீளமே பத்துக் கிலோமீட்டருக்கு மேல், சில மீட்டர் ஆழம்வரை இறங்கும். நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அங்கிருந்துதான் போகிறது. அவை கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது. பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஏதோ டிவி கோபுரம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

உங்களுக்கு இது ஒத்துவருமா? நீங்கள் நன்றாகப் பேசுவீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டதைக் கேட்டபடியே எழுதுவீர்களா என்று கேட்கிறேன். சந்தைக்குப் போய்வந்த ஒருவர் சொன்னதை வீட்டில் சொல்லும்போது நம் சொந்தச் சரக்கு கொஞ்சம் சேர்ந்துவிடும். நம் ஊரில் அது இல்லாமல் கதையே இல்லை. ஆபரேட்டருக்கு அந்தக் குணம் கூடாது. அனுப்பியவர் தவறாக எழுதியிருக்கிறார் என்று தெரிந்தாலும் நீங்களாகத் திருத்தக் கூடாது; திருப்பிக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கூச்சமில்லாமல் கேட்க வேண்டும், எதிரில் இருப்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும். அட்மிரலிடம் ‘சே அகெய்ன்’ என்று சொல்லத் தயங்கி, கேட்ட பாதியை வைத்து மீதியை ஊகித்து எழுதுகிற பையன் இந்தப் பிரிவில் ஆபத்தானவன். நம் மாவட்டத்துக்காரர்களின் பேச்சு வேகம் உங்களுக்கே தெரியும். சொல்லின் வாலை விழுங்குவோம். அதைப் பழக்கத்தால் மாற்றலாம், நானும் குமரிக்காரன்தான்.

வேலையின் கசப்பையும் சொல்லிவிடுகிறேன். தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். மாலை 4 முதல் 8 வரை உள்ள பாராவை இரண்டிரண்டு மணி நேரமாக உடைத்து ‘டாக் வாட்ச்’ என்று வைத்திருப்பார்கள். ஒரே ஆளுக்குத் தினமும் ஒரே நேரம் வாய்க்காமல் சுழல்வதற்காக அது. நியாயமான ஏற்பாடு, உடம்புக்கு அந்த நியாயம் புரியாது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாந்தி அடங்கும்; சன்னல் இல்லாத அறையில் அடங்காது. தங்குகடல்காரர் மகனுக்கும் வரும். வெட்கப்பட வேண்டாம்.

இரகசியம் இன்னொரு சுமை. கப்பல் எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று கப்பலில் முதலில் அறிபவர்களில் நீங்களும் ஒருவர். வீட்டுக்குச் சொல்லக் கூடாத முதல் ஆளும் நீங்களே. 2019 டிசம்பரில், சமூக வலைத்தளங்கள் வழியாக வலைவீசப்பட்டுத் தகவல் கசியவிட்டதாகக் கடற்படை வீரர்கள் ஏழு பேர் கைதானார்கள். அதை ஒட்டிக் கடற்படை தன் தளங்களிலும் கப்பல்களிலும் ஃபேஸ்புக்கையும் ஸ்மார்ட்ஃபோனையும் தடை செய்தது. ஃபோனை விட்டு இருக்க முடியாதவர் என்றால் இந்தப் பிரிவு வேண்டாம். சங்கேத வேலை பற்றிக் கேட்க நினைத்திருப்பீர்கள். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

நான்கு வருடக் கேள்வி. இங்கே நயமாகப் பேசி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி முதல் ஆண்டு மாதம் 30,000; அதில் 21,000 கையில் வரும், 9,000 சேமிப்பு நிதிக்குப் போகும், அரசும் அதே தொகையைப் போடும். நான்காம் ஆண்டில் மாதம் 40,000. வெளியே வரும்போது வட்டியுடன் ஏறக்குறைய 11.71 லட்சம் என்று அறிவித்தார்கள். ஒரு தொகுதியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரையே நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஆகவே நான்கில் ஒருவராக வருவேன் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துப் போகாதீர்கள். திரும்பி வருவேன் என்று வைத்துத் திட்டமிடுங்கள். நிரந்தரமானால் அது மேல்வரவு.

திரும்பி வந்தால் கடலோரக் காவல்படையிலும் பாதுகாப்புத் துறையின் சிவிலியன் பணிகளிலும் மத்திய ஆயுதப் போலீஸ் படைகளிலும் அக்னிவீரர்களுக்குப் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள். எண்ணெய்த் துரப்பண மேடைகளில் ரேடியோ ஆபரேட்டர் வேலை உண்டு. துறைமுகங்களில் கப்பல் போக்குவரத்தை வழிநடத்தும் கட்டுப்பாட்டு அறைகள் உண்டு. தூத்துக்குடி ஒரு பக்கம், நீரோடி தாண்டினால் கேரளத்தில் விழிஞ்ஞம் இன்னொரு பக்கம். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்: ஜிஎம்டிஎஸ்எஸ் சான்றிதழ் எடுத்தால் வணிகக் கப்பலில் ரேடியோ ஆபீசர் ஆகலாம் என்று ஆசை காட்டுவார்கள். பெரும்பாலான வணிகக் கப்பல்களில் அந்தப் பதவியே இன்று கிடையாது. அந்த வேலையைக் கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளே பார்க்கிறார்கள். சான்றிதழ் வேறு தகுதிகளோடு சேர்ந்தால் பயன்படும். தனியாகச் சோறு போடாது. பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள். முடிந்தால் அதை முடித்துவிட்டுப் போகலாமா என்று வயதுக் கணக்கைப் பாருங்கள். பதினேழரை முதல் 21 வரைதான் அனுமதி; உங்கள் பிறந்த தேதி அந்த ஆண்டு அறிவிப்பில் வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வராது என்றால் தொலைநிலையில் படிப்பைத் தொடரும் வழியை இப்போதே விசாரித்து வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கம்யூனிகேஷன் பிரிவுக்கு என்று தனியாக விண்ணப்பிக்க முடியாது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கான அக்னிவீர் எஸ்எஸ்ஆர் என்று சேர்கிறீர்கள். பிரிவைக் கடற்படைதான் ஒதுக்கும், தேவையையும் உங்கள் தகுதியையும் பார்த்து. ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் ஐஎன்எஸ் சிலிகா. அங்கே அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு மாதம். கம்யூனிகேஷன் கிடைத்தால் அதன் பிறகு கொச்சியில் சிக்னல் பள்ளி. பீரங்கிப் பிரிவான கன்னரி கிடைத்தால்? பண்டகப் பிரிவு கிடைத்தால்? அதற்கும் சம்மதம் என்றால் மட்டும் விண்ணப்பியுங்கள். ஆங்கிலம் திருத்தமாக இருப்பவர்களை எங்கள் பிரிவு விரும்பும் என்பது என் அனுபவம். செய்தி எல்லாம் ஆங்கிலத்தில். மெஸ்ஸில் பேச்சு இந்தியில். அது தானாக வந்துவிடும், நுழைவுத் தேர்வும் ஆங்கிலம், இந்தி இரண்டில்தான் இருக்கும்.

இப்போதே பழக வேண்டியது ஒன்று. தங்கையோ நண்பரோ ஐந்தைந்தாக எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் வேகமாக வாசிக்கட்டும், பக்கத்தில் டிவி சத்தமாக ஓடட்டும், நீங்கள் எழுதுங்கள். விட்டுப்போனதை ஊகித்து நிரப்பாமல் கோடு போட்டு வையுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் காது எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். இயர்ஃபோனை உச்சத்தில் வைத்துப் பாட்டுக் கேட்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உடற்தகுதிக்கு 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். மணலில் ஓடிப் பழகியவருக்கு அது பெரிதல்ல.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். அடுத்த முறை கரைக்கு வந்து ஓய்ந்திருக்கும்போது, நடுக்கடலில் செட் சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரர் சொல்லும் ஆழத்தையும் இடத்தையும் எப்படிப் பிரித்துக் கேட்கிறார் என்று கேளுங்கள். ‘ஆறு’ என்றாரா ‘நூறு’ என்றாரா என்று குழம்பிய கதைகள் அவரிடம் இருக்கும். ஃபோன் எடுக்கிற வேலை என்று அவர் சொல்வதை அவராகவே கொஞ்சம் தளர்த்திக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பயிற்சி மையத்துக்கு ஒரு ரூபாய் கட்டும் முன்பு, நிறப்பார்வைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் அது பெரும்பாலும் பிறவியிலேயே இருந்திருக்கும், ஆனால் பலருக்குத் தெரிந்தே இருக்காது. கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எழுத்துத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் மருத்துவப் பரிசோதனையில் அங்கேதான் பல பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் நிறப்புள்ளிகளில் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டிப் பார்ப்பார்கள். ஒரு காலை நேரம் போதும். விண்ணப்பம் கடற்படையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும். இடையில் யாராவது ‘கம்யூனிகேஷன் பிராஞ்சே வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்டால், அவரைப் போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.